கையிலுள்ள அம்பு

'எல்லாம் தலையெழுத்து' என்னும் சொல் தமிழர் வாயில் இரண்டு வேளைகளில் வருகிறது. தாங்க இயலாத இழப்பு நேர்ந்து மனம் ஆறுதல் தேடும்போது ஒன்று; செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டு அதற்குக் காரணம் தேடும்போது மற்றொன்று. தாராவியின் தோல் பட்டறையிலும், மாட்டுங்காவின் பஜனைக் கூடத்திலும், செம்பூர் முருகன் கோயில் படிகளிலும் இச்சொல் ஒரே விதமாகவே ஒலிக்கும். ஆனால் முன்னது சரணாகதிக்கு அருகில் நிற்பது. பின்னது வெறும் சோம்பல். இரண்டையும் பிரித்தறிவது சாதகனின் முதற்பாடம்.

'ஊழ்' என்னும் பழஞ்சொல்லுக்கு முறை, முதிர்ச்சி என்னும் பொருள்கள் உண்டு. மலர் முதிர்ந்து விரிவதையும் சங்க நூல்கள் இச்சொல்லால் குறிக்கின்றன. ஆகவே ஊழ் என்பது எங்கோ இருந்து எவரோ விதிக்கும் தண்டனையன்று. விதைத்தது தன் காலத்தில் முதிர்ந்து முன்வந்து நிற்பது. கணியன் பூங்குன்றனார் புறநானூற்றின் 192-ஆம் பாடலில் உயிரின் போக்கை ஆற்று வெள்ளத்தில் செல்லும் மிதவைக்கு ஒப்பிட்டார். அப்பாடலின் முதலடியை மேடையில் முழங்குவோர் பலர். மிதவை வரை படிப்போர் சிலரே. அவர் அதிலிருந்து பெற்ற முடிவு சோர்வன்று. உயர்ந்தவரைக் கண்டு மயங்காமலும், எளியவரைத் தாழ்வாக எண்ணாமலும் இருக்கும் சமநிலையே ஆகும்.

ஊழின் வலிமையைக் கூறும் 38-ஆம் அதிகாரத்துடன் அறத்துப்பாலை நிறைவு செய்த வள்ளுவர், 62-ஆம் அதிகாரத்தின் முடிவில், தளராது முயல்வோர் அவ்வூழையும் பின்வாங்கச் செய்வர் என்கிறார். முரண்போல் தோன்றும் இதனை வேதாந்த ஆசாரியர்களின் அம்பு உவமை தெளிவாக்குகிறது. வில்லிலிருந்து புறப்பட்டுவிட்ட அம்பு பிராரப்தம். தூணியில் இருப்பவை சஞ்சிதம். கையில் எடுத்திருப்பது ஆகாமியம். சென்ற அம்பை மீட்க இயலாது. கையிலுள்ளதை எங்கே எய்வது என்பது இந்தக் கணத்தில் மட்டுமே தீர்மானமாகிறது. சென்றதன் பின்னால் மனம் ஓடினால், கை தன் பழக்கப்படியே எய்துவிடும்.

2005 ஜூலை 26 அன்று தொடங்கிய பெருமழையில் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. பதிவாயிற்று, அதே நகரின் கொலாபாவில் 73 மி.மீ. மட்டுமே. மேகம் எங்கே கொட்டுவது என்பதை எந்த மனிதனும் தீர்மானிக்கவில்லை. ஆனால் விகார், பவாய் ஏரிகளின் உபரிநீரை மாஹிம் கழிமுகத்துக்குக் கொண்டு செல்லும் மித்தி நதியைக் குறுக்கியதும், அதில் கழிவைக் கொட்டியதும், கரையோரச் சதுப்புக் காட்டை அழித்ததும் மனிதர் கைகளே. பல ஆண்டுகளின் ஆகாமியம் அன்றைக்குப் பிராரப்தமாக வந்து நின்றது. வந்த இடம் தாழ்ந்த குடியிருப்புகள். அங்கு வாழ்வோரைப் பார்த்து 'அது அவர்கள் கர்மம்' என்று கூறிக் கடந்து செல்பவன் கர்மக் கொள்கையைக் கற்றவனல்லன். தன் கையிலுள்ள அம்பைக் கீழே போட்டவன். தன் துன்பத்தைப் பொறுப்பதற்கே அக்கொள்கை. பிறர் துன்பத்தின் முன் அவனுக்கு உள்ளது கடமை ஒன்றே.

பட்டறைகளும் குயவர் குடியிருப்பும் வருவதற்கு முன், தாராவி கோலி மீனவரின் ஊராக இருந்தது. அங்கே கோலிவாடா இன்றும் உள்ளது. கல்வெட்டிலும் சுவடியிலும் ஏறாத ஞானம் அக்குலத்தாருடையது. கடலை வெல்ல அவர்கள் நினைப்பதில்லை. அதற்கு அஞ்சி வீட்டில் முடங்குவதுமில்லை. திதியைக் கொண்டு நீரின் ஏற்ற இறக்கத்தைக் கணிப்பார்கள். மழைக்காலத்தில் படகைக் கரையேற்றி வலையைச் செப்பனிடுவார்கள். காத்திருப்பதும் அவர்களுக்கு ஒரு வேலையே. சிராவண மாதத்து நாரளி பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் அளித்து வணங்கிய பின்னரே மீண்டும் படகு இறங்கும். இறங்கிய பிறகு, மீனவன் கண் நீரைவிட்டு அகலாது.