எதை முதலில் வைப்பது?
ஊர் இணையத்தளத்தை ஒழுங்குபடுத்தும் பாடம்



வெங்காயப் பாத்தி கட்டுவது எப்படி என்று உங்களுக்கு நாம் சொல்லித்தரத் தேவையில்லை. வாய்க்கால் தண்ணீர் எந்தப் பாத்திக்கு முதலில் பாய வேண்டும், எதற்குப் பிறகு பாயலாம் என்பதைத் தோட்டத்தைப் பார்த்தவுடனேயே தீர்மானித்து விடுவீர்கள். 1990களில் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு இருந்தபோது, இயந்திரம் எந்த நேரமும் நின்றுவிடலாம் என்ற பயத்துடன் குத்தகைத் தோட்டங்களில் இறைத்தவர்கள் நீங்கள். அந்நாட்களில் வாய்க்கால் தலைப்பில் இருந்த பாத்தி பிழைத்தது. கடைசிப் பாத்தி காய்ந்தது.

இம்முறை நாம் படிக்கப்போவது ஊர் இணையத்தளம் ஒன்றில் விடயங்களை ஒழுங்குபடுத்துவது பற்றி. தோட்டக்காரருக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1990 யூன் மாதத்தில் மயிலிட்டி மக்கள் ஊரை விட்டு வெளியேறினர். மல்லாகம், சுன்னாகம் பகுதி நலன்புரி நிலையங்களிலும், வன்னியிலும், தமிழகத்து முகாம்களிலும், ஐரோப்பாவிலும், கனடாவிலும் ஒரே ஊரார் சிதறி வாழ நேர்ந்தது. துறைமுகமும் அதை அண்டிய காணிகளும் 27 ஆண்டுகளுக்குப் பின், 2017 யூலையில்தான் விடுவிக்கப்பட்டன. இவ்வாறு சிதறிய ஊருக்குச் சந்தியில் நிற்கும் ஓர் அறிவித்தற் பலகை போதாது. இணையத்தளம் அந்தக் குறையைத் தீர்க்கலாம். ஆனால் ஒழுங்கில்லாத பலகையால் யாருக்கும் பயனில்லை.

கருவியை அறிந்துகொள்வோம்

முன்னர் ஓர் இணையப் பக்கத்தில் ஒரு வரியை மாற்றுவதற்கும் கணினிமொழி தெரிந்தவர் தேவைப்பட்டார். உள்ளடக்க முகாமைத்துவ முறைமை அந்த நிலையை மாற்றியது. இணையத்தளத்துக்குள் நுழைந்து, கடிதம் எழுதுவதுபோல எழுதி வெளியிட அது இடம் தருகிறது. இவ்வகையில் பெரிதும் பயன்படுவது 2003இல் வெளிவந்த, பணம் கொடுக்காமல் பெறக்கூடிய வேர்ட்பிரஸ்.

2018 டிசம்பரில் வந்த அதன் ஐந்தாம் பதிப்பிலிருந்து ஒரு பக்கம் பல தொகுதிகளாகக் கட்டப்படுகிறது. தலைப்பு ஒரு தொகுதி. பந்தி ஒரு தொகுதி. படம், பட்டியல், அட்டவணை என ஒவ்வொன்றும் தனித்தனித் தொகுதி. இம்முறைக்கு, ஐரோப்பாவில் அச்சுக்கலையைத் தொடக்கிய குட்டன்பேர்க்கின் பெயரையே வைத்தார்கள். அச்சுக்கோப்பவர் ஈய எழுத்துக்களை எடுத்து அடுக்கியதுபோல, நாமும் தொகுதிகளை எடுத்து அடுக்குகிறோம். கூட்டல் அடையாளத்தை அழுத்தினால் புதிய தொகுதி வரும். ஒரு தொகுதியைத் தொட்டால் தோன்றும் அம்புக்குறிகளால் அதனை மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம். இவ்வளவையும் ஒரு பிற்பகலில் பழகிவிடலாம். எதை மேலே வைப்பது என்று தீர்மானிப்பதுதான் கடினம்.

நாம் விட்ட தவறு

ஊர்ப் பக்கம் ஒன்றை இளைஞரோடு சேர்ந்து நாம் முதலில் அமைத்தபோது, மேலே பெரிய படங்களை வைத்தோம். அடுத்து வாழ்த்துச் செய்தி. அதில் எமது வாழ்த்தும் இருந்தது. அதற்கும் கீழே உதவி செய்தோரின் பெயர்கள். காணிப் பதிவு பற்றிய அறிவித்தல் வலது பக்க நிரலில் இருந்தது. கணினியில் பார்த்தபோது எல்லாம் அழகாகத் தெரிந்தன. ஒரு தாயார் தமது கைத்தொலைபேசியில் அதைத் திறந்து, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "சுவாமி, எங்கட காணி விசயம் ஒண்டும் இதில இல்லையே" என்றார்.

அறிவித்தல் இருந்தது. ஆனால் சிறிய திரையில் நிரல்கள் பக்கம் பக்கமாக நிற்பதில்லை. ஒன்றின் கீழ் ஒன்றாக விழும். இடது நிரல் முழுவதும் முடிந்த பின்னரே வலது நிரல் வரும். நாம் ஓரத்தில் வைத்தது அவருக்கு அடியில் போய்விட்டது. அவருடைய டேட்டா அட்டை எம்மைப் பார்த்து முடிந்ததே தவிர, அவருடைய காணியைப் பார்க்க மிஞ்சவில்லை.

இது சிறிய விடயம் அன்று. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுவொன்றின் நடவடிக்கைகளால் காணியை மீட்க நீதிமன்றம் செல்ல முடியாதிருந்தோருக்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது. இழந்த அந்த ஆண்டுகளை அவர்களுக்கு எதிராகக் கணக்கிடாமல் வழக்குத் தொடரலாம் என்றது. ஆனால் அது கொடுத்த தவணை இரண்டே ஆண்டுகள். இத்தகைய செய்தி ஒரு பக்கத்தின் அடியில் கிடந்தால், அதைக் காணாத குடும்பம் இழப்பது ஒரு தலைமுறையின் நிலமாக இருக்கலாம்.

ஒழுங்குபடுத்தும் முறை

1. தவணை உள்ளதை முதலில் வையுங்கள். எந்தத் திகதிக்குள், எந்த அலுவலகத்துக்கு, எந்தப் பத்திரங்களுடன் செல்ல வேண்டும் என்பதை மூன்று வரிகளில் எழுதுங்கள். திகதி கடந்ததும் அதனை நீக்குங்கள். பழைய அறிவித்தலை நம்பி ஒருவர் பஸ் ஏறக்கூடாது.

2. அடுத்து, அடிக்கடி தேவைப்படுவதை வையுங்கள்: பிரதேச செயலகம், கமநல சேவை நிலையம் ஆகியவற்றின் விபரம், படிவங்கள். அதற்குப் பின் ஊர்ச் செய்திகள். வரலாறும் பழைய படங்களும் அவற்றின் கீழே வரட்டும். அவை பெறுமதியானவை, ஆனால் காத்திருக்கக் கூடியவை.

3. முக்கிய அறிவித்தலை நிரலுக்குள் அடைக்காதீர்கள். பக்க அகலம் முழுவதும் அதற்குக் கொடுங்கள். வெளியிடுமுன் முன்னோட்டத்தில் கைத்தொலைபேசி அளவைத் தெரிவு செய்து பாருங்கள்; பின்னர் உண்மையான தொலைபேசியிலும் பாருங்கள்.

4. அறிவித்தலைப் படம் பிடித்து ஒட்டாமல் எழுத்தாகத் தட்டச்சிடுங்கள். படத்திலுள்ள எழுத்தைப் பெரும்பாலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, சிறிய திரையில் வாசிப்பதும் கடினம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உள்ளதை ஒருங்குறிக்கு மாற்றியே இடுங்கள். இல்லையேல் வாசகருக்குத் தமிழ் தெரியாது. பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தெரியும்.

5. உறுதிப் பிரதி, அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, யாருடைய வீடு ஆளில்லாமல் கிடக்கிறது என்ற விபரம் ஆகியவற்றுக்கு எந்தத் தொகுதியிலும் இடமில்லை. பலகையை நல்லவர் மட்டும் வாசிப்பதில்லை.

6. திறப்பை ஒருவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். எல்லோரிடமும் கொடுக்கவும் வேண்டாம். எழுதுபவர் எழுதட்டும், பொறுப்பான இன்னொருவர் சரிபார்த்து வெளியிடட்டும். வேர்ட்பிரஸில் இதற்கெனத் தனித்தனி அதிகார நிலைகள் உண்டு. முன்னைய பிரதிகளும் சேமிக்கப்படுவதால், தவறாக மாற்றியதைத் திரும்பப் பெறலாம். ஆகவே பயமின்றிப் பழகுங்கள்.

நாம் அந்தப் பக்கத்தைத் திருத்தினோம். எமது வாழ்த்தைக் கடைசிக்கு இறக்கினோம். பின்னர் அதனை எடுத்தே விட்டோம். எவரும் அதனைத் தேடவில்லை. வலிகாமம் வடக்கில் எல்லாக் காணியும் இன்னும் மக்களிடம் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கும் எல்லை, கிணறு, பாதை பற்றிய அலுவல்கள் முடியவில்லை. ஆகவே அறிவித்தல்கள் இன்னும் வரும். அவை வரும்போது தலைப்பாத்தி வெறுமையாக இருக்கட்டும்.

குழுவாகக் கலந்துரையாட

அ. கடந்த ஓராண்டில் எந்த அறிவித்தல் உங்கள் குடும்பத்துக்குப் பிந்திக் கிடைத்தது? அதனால் நேர்ந்தது என்ன?

ஆ. ஒரு தாளில் கைத்தொலைபேசித் திரை அளவுக்கு ஒரு பெட்டி வரையுங்கள். அதற்குள் மூன்று விடயங்களுக்கு மட்டுமே இடமுண்டு. உங்கள் ஊருக்கு அந்த மூன்றும் எவை?

இ. தொலைபேசி இல்லாத முதியவருக்கு அந்த மூன்றையும் வாசித்துச் சொல்லப் பொறுப்பேற்பவர் யார்? பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.