வலையில் வந்த நஞ்சு

நுழையுமுன்

மீன், உடலுக்கு உரமூட்டும் நல்லுணவு. அம்மீனே ஓர் ஊரை நோயில் வீழ்த்திய வரலாறும் உண்டு. அது நிகழ்ந்தது எவ்வாறு? அதனைத் தடுத்திருக்க இயலுமா? அறிந்துகொள்வோம்.

பாடம்

ஜப்பான் நாட்டின் கியூஷூ தீவில் உள்ள கடற்கரை ஊர் மினமாட்டா. அங்கு வாழ்ந்த மீனவர்க்குக் கடலே வயல். மீனே அன்றாட உணவு. 1950களில் அவ்வூர்ப் பூனைகள் தள்ளாடிச் சுழன்றன. சில கடலில் விழுந்து மடிந்தன. பின்னர் மனிதரையும் அந்நோய் பற்றியது. கைகால் மரத்தது, பேச்சுக் குழறியது, பார்வை குறுகியது. 1956ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி நடக்கவும் பேசவும் இயலாத நிலையில் அவ்வூர்த் தொழிற்சாலையின் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள். மே முதல் நாள், அம்மருத்துவமனையின் தலைவர் ஹொசோகவா ஹஜிமே, காரணம் அறியாத நரம்பு நோய் தோன்றியுள்ளதாகச் சுகாதார அலுவலகத்திற்குத் தெரிவித்தார்.

அதனைத் தொற்றுநோய் என அஞ்சிய அயலார், நோயுற்ற குடும்பங்களை ஒதுக்கினர். நோயின் துன்பத்தோடு தனிமையின் துன்பமும் சேர்ந்தது.

உண்மையில் அது தொற்றுநோய் அன்று, நஞ்சின் விளைவு. சிஸ்ஸோ என்னும் நிறுவனத்தின் தொழிற்சாலை, 1932ஆம் ஆண்டு முதல் அசிட்டால்டிகைடு என்னும் வேதிப்பொருளை உருவாக்கி வந்தது. அதற்குப் பாதரசம் வினையூக்கியாகப் பயன்பட்டது. அப்போது உண்டான மெத்தில் பாதரசம் கழிவுநீரோடு கடலில் கலந்தது.

பரந்த கடலில் சிறிதளவு நஞ்சு கரைந்து மறையாதா என நீங்கள் வினவலாம். மறையவில்லை, மாறாகத் திரண்டது. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் அதனை ஏற்றன. அவற்றைச் சிறுமீன்களும், சிறுமீன்களைப் பெருமீன்களும் உண்டன. உடலுக்குள் சென்ற மெத்தில் பாதரசம் விரைவில் வெளியேறாது. ஆதலால் ஒவ்வொரு படியிலும் அதன் அளவு பெருகியது. இதனை உயிரியல் உருப்பெருக்கம் என்பர். அப்படிகளின் உச்சியில் மனிதன் நின்றான். கருவுற்ற தாயிடமிருந்து கருவிலிருந்த குழந்தைக்கும் நஞ்சு சென்றது. தாய்க்கு நோய்க்குறி குறைவாக இருந்தும், குழந்தை கடுமையான பாதிப்போடு பிறந்தது.

1959ஆம் ஆண்டு, ஹொசோகவா தொழிற்சாலைக் கழிவுநீரை உணவில் கலந்து ஒரு பூனைக்கு அளித்தார். அதற்கும் அதே நோய் கண்டது. அவ்வுண்மையை நிறுவனம் மறைத்தது. கழிவுநீரோ 1968ஆம் ஆண்டு வரை கடலில் கலந்தது. அதற்குள், 1965ஆம் ஆண்டு, நீகாட்டா பகுதியில் வேறொரு தொழிற்சாலையின் கழிவால் அதே நோய் மீண்டும் தோன்றியது. 1970ஆம் ஆண்டு, நோயுற்றுப் படுக்கையில் கிடந்த ஹொசோகவா, தாம் கண்டதை நீதிமன்றத்திற்குச் சான்றாக உரைத்தார். 1973ஆம் ஆண்டு, பாதிக்கப்பட்டோர்க்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. எனினும் இழந்த உடல்நலம் மீளவில்லை. காலத்தில் சொல்லப்படாத உண்மை எத்தனை உயிர்களைப் பலிகொள்ளும் என்பதற்கு மினமாட்டாவே சான்று.

பாதரசம், ஈயம், காட்மியம் முதலியன கன உலோகங்கள். மீனின் தசையில் கலந்த பாதரசத்தைக் கண்ணால் காண இயலாது. கழுவினாலும் வேகவைத்தாலும் அது நீங்காது. அதற்காக மீனையே விலக்க வேண்டுவதில்லை. தேர்ந்து உண்டால் போதும். நெத்திலி, மத்தி போன்ற சிறுமீன்களில் பாதரசம் குறைவு. பிற மீன்களை இரையாக்கி நெடுநாள் வாழும் சுறா, பெரிய சூரை போன்றவற்றில் மிகுதி. கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் இத்தகைய பெருமீன்களைத் தவிர்த்தல் நன்று.

பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 2013ஆம் ஆண்டு உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை, மினமாட்டாவின் பெயரையே தாங்கி நிற்கிறது. 2018ஆம் ஆண்டு இந்தியாவும் அதனை ஏற்று உறுதி செய்தது.

அருஞ்சொற்பொருள்

அயலார் – அக்கம்பக்கத்தார்
திரண்டது – ஒன்றுசேர்ந்து மிகுந்தது
வினையூக்கி – வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள்
உடன்படிக்கை – ஒப்பந்தம்

பயிற்சிகள்

அ) கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. மினமாட்டா ______ தீவில் உள்ளது.
2. தொழிற்சாலையில் வினையூக்கியாகப் பயன்பட்டது ______.

ஆ) பிரித்து எழுதுக.
நல்லுணவு, கழிவுநீர், அவ்வூர்

இ) ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. சிறுமீனைவிடப் பெருமீனில் பாதரசம் மிகுவது ஏன்?
2. நோயுற்றோரை அயலார் ஒதுக்கியது சரியா? காரணம் கூறுக.

ஈ) சிந்தித்து எழுதுக.
ஹொசோகவாவின் நிலையில் நீங்கள் இருந்திருந்தால் 1959ஆம் ஆண்டு என்ன செய்திருப்பீர்கள்?

உ) செயல்பாடு
நீங்கள் வாழும் ஊரின் சந்தையில் கிடைக்கும் ஐந்து மீன்களின் பெயர்களை அவ்வூர் மொழியில் கேட்டறிக. அவற்றின் தமிழ்ப் பெயர்களைப் பெற்றோரிடமோ, ஊரில் உள்ள தாத்தா பாட்டியிடமோ கேட்டு எழுதுக. அவற்றைச் சிறுமீன், பெருமீன் என வகைப்படுத்துக.