வெயிலில் வெடித்த கேபிள்

கேள்வி: எங்கள் போர்செட் கேபிளில் கொட்டகைக்கு வெளியே வெயில் படும் பகுதி மட்டும் வெளுத்து, வெடித்துப் போயிருக்கிறது. மழை பெய்தால் ஷாக் அடிக்கிறது. வெயிலுக்கே இந்தக் கதி என்றால், கல்பாக்கம் அணு உலைக்குள் இருக்கும் கேபிள்கள் எப்படித் தாங்குகின்றன?
— ஒரு விவசாயி, மன்னார்குடி

பதில்: ஐயா, முதலில் மெயினை அணைத்துவிட்டு அந்தக் கேபிளை மாற்றுங்கள். டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம்.

ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள நல்ல பிளாஸ்டிக் உறை, ஈரமில்லாமல் இருந்தால், பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் தாங்கும். உங்கள் 415 வோல்ட்டால் அதைத் துளைக்க முடியாது. வெயிலிலுள்ள புற ஊதாக்கதிர் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டுகிறது. வெட்டிய முனையில் காற்றின் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்கிறது. உறை நெகிழ்வை இழந்து வெடிக்கிறது. வெடிப்பில் மழைநீர் இறங்கினால் மின்சாரத்துக்கு அதுவே வழி. உரத்தூளும் சேர்ந்தால் கசிவு கூடும். கசியும் இடம் கருகிக் கரியாகும், கரி இன்னும் நன்றாகவே மின்சாரத்தைக் கடத்தும்.

1984 முதல் மின்சாரம் தரும் கல்பாக்கம் போன்ற அணுமின் நிலையங்களிலும் கேபிளுக்கு வரும் ஆபத்து இதே வகைதான். ஆனால் உலையிலிருந்து வரும் காமாக் கதிர் புற ஊதாக்கதிரைவிட லட்சக்கணக்கான மடங்கு ஆற்றல் கொண்டது; மேற்பரப்போடு நிற்காமல் உறை முழுவதும் ஊடுருவும். இதில் ஒரு விசித்திரம்: அதே அளவு கதிர்வீச்சைச் சில நாளில் கொடுப்பதைவிடப் பல ஆண்டுகளில் மெதுவாகக் கொடுத்தால் பல பிளாஸ்டிக்குகள் அதிகம் கெடுகின்றன. ஆக்சிஜன் உள்ளே ஊறிச் செல்ல அவகாசம் கிடைத்துவிடுகிறதே! அதனால் அவசரச் சோதனையை மட்டும் நம்பி ஆயுளைக் கணிக்க முடியாது. கேபிள் எவ்வளவு வோல்ட் தாங்குகிறது என்பதோடு, இழுத்தால் எவ்வளவு நீள்கிறது என்றும் பார்க்கிறார்கள். கெடுதல் முதலில் அங்கேதான் தெரியும்.

வெப்பத்துக்கு அசராத டெஃப்லான் கதிர்வீச்சில் சீக்கிரம் நொறுங்கும். பாலிஇமைடு என்னும் பிளாஸ்டிக் நன்றாகத் தாங்கும். உலையின் மையத்தை ஒட்டிய இடங்களில் பிளாஸ்டிக்கே கிடையாது. உலோகக் குழாய்க்குள் மக்னீசியம் ஆக்சைடு தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள்.

விண்வெளியில் கதை வேறு. அங்கே வேகமான எலெக்ட்ரான்கள் காப்புப் பொருளுக்குள் புதைந்து சேர்ந்துகொண்டே போய், வெளி மின்னழுத்தம் எதுவும் இல்லாமலேயே உள்ளிருந்து பாய்ந்துவிடும். 1994 ஜனவரியில் கனடாவின் அனிக் ஈ1, ஈ2 செயற்கைக்கோள்கள் சில மணி நேர இடைவெளியில் தடுமாறியதற்கு இதையே காரணமாகச் சொன்னார்கள்.

உங்களுக்குப் பாலிஇமைடு தேவையில்லை. கறுப்பு வெளியுறை உள்ள கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். அதில் கலந்துள்ள கரித்தூள் புற ஊதாக்கதிரை மேற்பரப்பிலேயே விழுங்கிவிடும். வெயில் படும் தூரத்துக்குக் கறுப்புக் குழாய்க்குள் விட்டு எடுத்துப் போனால் இன்னும் நல்லது.