குறியீட்டு இணைப்பும் தரவுத்தளமும்

நம் மன்றத்து நண்பர்களுள் அறிவியல் பயில்வோர் பலர். அளவுகளைத் திரட்டுவதும், திரட்டியவற்றைக் கணிப்பொறியில் சேர்த்து வைப்பதும் அவர்தம் அன்றாட வேலை. தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து கல்லாற்றில் தங்கிப் படிக்கும் நானும், ஆய்வுக்காக இவ்வாற்றின் நீர்மட்ட அளவுகளை ஒரு தரவுத்தளத்தில் சேர்த்து வருகிறேன். பொன்முடி மலைமேல் மழை கொட்டினால், கீழே வெயில் காயும்போதே ஆறு திடீரெனப் பெருகும். அப்படிப்பட்ட ஓர் இரவின் அளவுகள் அழிந்துபோனால், அவற்றை மீண்டும் எடுக்க எவராலும் இயலாது. ஆகவே தரவுக்குக் கேடு சூழும் காரணங்கள் சிறியனவாயினும் அவற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றை இங்கு ஆராய்வோம்.

இணைப்பு என்பது யாது?

சிம்பாலிக் லிங்க் எனப்படும் குறியீட்டு இணைப்பு, 1983-இல் வெளியான 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸில் இடம்பெற்றது, இன்று லினக்ஸ் கணிப்பொறிகளில் எங்கும் காணப்படுகிறது. பார்வைக்கு அது கோப்பு போலவோ கோப்புறை போலவோ இருக்கும். ஆனால் அதனுள் இருப்பது வேறோர் இடத்தின் முகவரி மட்டுமே.

கல்லாற்றில் மீன்முட்டி அருவிக்கு வழி காட்டும் பலகையை எண்ணிப் பாருங்கள். பலகை அருவி ஆகாது. பலகையைப் பெயர்த்துச் சென்றால் நீர் கூடவே வராது. அருவிக்குச் செல்லும் பாதை அடைபட்டாலும் பலகை அதே திசையைத்தான் காட்டும். அதைத் திருப்பி வைத்தவன், பின்னே வருவோரைத் தான் விரும்பிய பக்கம் அனுப்பிவிடுவான். குறியீட்டு இணைப்பின் இயல்பும் இதுவே.

வட்டில் இடம் குறையும்போது தரவை வேறு வட்டுக்கு மாற்றிப் பழைய இடத்தில் ஓர் இணைப்பை வைப்பார்கள். மென்பொருளின் பல பதிப்புகளுக்குப் பொதுவாக ஒரு பெயர் வேண்டும் என்றும் வைப்பார்கள். நோக்கம் நன்றே; ஆயினும் இடர்கள் நான்கு உண்டு.

1. ஓரிடத்திற்கு இரு பெயர்

ஆரக்கிள் தரவுத்தளம், தான் நிறுவப்பட்ட கோப்புறையின் பாதையையும் தன் பெயரையும் சேர்த்தே தன் நினைவகப் பகுதிக்குரிய திறவுகோலைக் கணக்கிடுகிறது. உண்மைப் பாதையால் தொடங்கிய தரவுத்தளத்தை ஒருவர் இணைப்பின் பாதையால் அணுகினால், திறவுகோல் மாறிவிடும். தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அது ஓடவில்லை என்ற விடை கிடைக்கும். அவ்விடையை நம்பியவர் அதனை மறுபடி தொடங்க முயல்வார். குழப்பம் அங்கே பிறக்கும். இரண்டு பாதைகளும் ஒரே இடத்தைக் குறிப்பதை மனிதன் அறிவான். எழுத்துகளை மட்டும் ஒப்பிடும் நிரல் அதனை அறியாது.

2. வெறும் பலகையாகும் காப்பு நகல்

இதுவே நம்போன்ற மாணவர்க்கு மிகவும் நெருக்கமான இடர். டார் என்னும் நிரல், தனியே சொல்லாவிடில், இணைப்பை இணைப்பாகவே நகலெடுக்கும். அது சுட்டும் தரவை எடுக்காது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் சொந்தக் காப்பு முறையும், தான் அறிந்த சில இணைப்புகளைத் தவிர, தரவுக் கோப்புறைக்குள் நாமாக வைத்த பிற இணைப்புகளைத் தாண்டிச் சென்றுவிடும். நாள்தோறும் காப்பு நகல் முடிந்ததென்று செய்தி வரும். வட்டு பழுதான நாளில் நகலைத் திறந்தால்தான் உள்ளே தரவில்லை என்பது தெரியும்.

3. வராத வட்டு

இணைப்பு வேறொரு வட்டைச் சுட்டுகிறது. மின்தடைக்குப் பின் கணிப்பொறி எழும்போது அவ்வட்டு இணையவில்லை என்று கொள்வோம். தரவுத்தளம் தொடங்க மறுத்தால் நன்று. தவறு உடனே புலப்படும். ஆனால் இணைப்பு, வட்டு வந்து பொருந்த வேண்டிய கோப்புறையையே சுட்டினால், அங்கே வெறுங் கோப்புறை ஒன்று தென்படும். தானே இயங்கும் தொடக்க நிரல், அதைப் புது இடம் எனக் கருதி, வெற்றுத் தரவுத்தளம் ஒன்றை அங்கே ஆக்கிவிடவும் கூடும். இதனால்தான் போஸ்ட்கிரஸ் கையேடு, வட்டு பொருந்தும் கோப்புறையை அப்படியே பயன்படுத்தாமல், அதனுள் தனிக் கோப்புறை அமைக்கச் சொல்கிறது.

4. திருப்பி வைத்த பலகை

2016-இல் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் வெளிப்பட்ட குறை ஒன்றுக்கு சி.வி.இ-2016-6664 என்று எண்ணிட்டனர். அதன் தொடக்க நிரல் முழு அதிகாரத்துடன் ஓடியது. அது கையாண்ட பிழைப் பதிவேடோ, குறைந்த அதிகாரமுள்ள பயனர் மாற்றத்தக்க கோப்புறையில் இருந்தது. பதிவேட்டை நீக்கி, அவ்விடத்தில் ஓர் இணைப்பை வைத்தால், அப்பயனர் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற இயன்றது. பின்னர் இக்குறை திருத்தப்பட்டது. பாடம் மட்டும் நமக்கு நிலைத்து நிற்கிறது.

அப்படியாயின் இணைப்பே ஆகாதா?

அவ்வாறு சொல்லுதல் பொருந்தாது. போஸ்ட்கிரஸ் தன் டேபிள்ஸ்பேஸ் என்னும் தரவிடங்களைத் தானே இணைப்புகளால்தான் கையாளுகிறது. தரவுத்தளம் தானே ஆக்கிய இணைப்பை அது அறியும்; காப்பு எடுக்கும்போதும் மறவாது. நாம் அதற்குத் தெரியாமல் இடையில் செருகிய இணைப்பே இடர் விளைப்பது.

ஆகவே நண்பர்கள் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளலாம்:

(அ) தரவை இடம் மாற்ற வேண்டின், அதற்கென உள்ள அமைப்புக் கோப்பிலேயே புதிய பாதையை எழுதுக.

(ஆ) மென்பொருளை நிறுவும்போதும் தொடங்கும்போதும் ஒரே உண்மைப் பாதையைப் பயன்படுத்துக.

(இ) நிறுவல் கோப்புறையிலும் தரவுக் கோப்புறையிலும் உள்ள இணைப்புகளை ஃபைண்ட் ஆணையால் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் ஏன் உள்ளதெனக் குறித்து வைக்க.

(ஈ) காப்பு நகலை வேறொரு கணிப்பொறியில் மீட்டுப் பார்த்து, அட்டவணைகளின் வரிசைகளை எண்ணுக.

இந்நான்கினுள் கடைசியானதே தலையாயது. மீட்டுப் பார்க்காத நகலைக் காப்பு என்று கருதலாகாது. ஆய்வுக் கூடத்துக் கணிப்பொறியை நமக்கு முன்னிருந்தவர்கள் எப்படி அமைத்தார்கள் என்பதைப் பெரும்பாலும் நாம் அறியோம். நாம் விட்டுச் செல்வதை அடுத்து வருவோரும் அறியார். இவ்வாரமே ஒரு மணி நேரம் ஒதுக்கி, உங்கள் தரவு மெய்யாக எந்த வட்டில் இருக்கிறது என்று பாருங்கள். பலகையைக் கண்ட அளவில் நின்றுவிடாமல், அருவி வரை சென்று பார்த்தலே அறிவியல் மாணவனுக்கு அழகு.