பத்து வயதிலேயே சொல்லிவிடுவோம்

வார இறுதிச் சமய வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் அண்ணன், அக்காமார்களுக்குத்தான் இந்த மாதப் பாடம்.

7 ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பில் ஆண்டு 4 பிள்ளை ஒருத்தி கழிவறையை விட்டு வெளியே வரவே இல்லை. கதவைத் தட்டினேன். "அக்கா, ரத்தம் வருது. நான் செத்துடுவேனா?" என்று அழுதாள். தேவாரத்தைப் பிழையில்லாமல் பாடுகிற பிள்ளை. அவள் உடம்பைப் பற்றி அவளுக்கு யாருமே சொல்லவில்லை. நானும்தான். 'சின்னப் பிள்ளைதானே, அப்புறம் பாத்துக்கலாம்' என்று இருந்துவிட்டேன்.

பருவ மாற்றம் பெண் பிள்ளைகளுக்குப் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்கும். படிவம் 1 வரட்டும் என்று காத்திருந்தால் பலருக்கு அது தாமதம்.

என்ன சொல்வது?

1. காரணம்: மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, பெண்ணின் சூலகத்தையும் ஆணின் விரைகளையும் தூண்டுகிறது. அங்கே சுரக்கும் ஹார்மோன்களே மாற்றங்களுக்குக் காரணம்.

2. பெண் பிள்ளைகள்: மார்பு வளரத் தொடங்கி ஏறத்தாழ 2 ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வரும். கருப்பையின் உட்சுவர் உதிர்ந்து வெளியேறுவதுதான் அது, நோய் இல்லை. முதல் ஓரிரு ஆண்டுகள் தேதி முன்பின்னாக வரலாம். பேட்டை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்தணும்.

3. ஆண் பிள்ளைகள்: குரல் உடையும், மீசை அரும்பும். தூக்கத்தில் விந்து வெளியேறலாம். இது பாவமும் இல்லை, வியாதியும் இல்லை.

4. பாதுகாப்பு: யாராவது தவறாகத் தொட்டுவிட்டு "யார்கிட்டயும் சொல்லாதே" என்றால், கண்டிப்பா சொல்லணும். நம்பிக்கையான பெரியவர் பக்கத்தில் இல்லையா? தாலியான் காசிஹ் 15999 எண்ணை அழைக்கலாம்.

எப்படிச் சொல்வது?

பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். வகுப்பில் எப்போதும் 2 பெரியவர்கள் இருக்கட்டும். உறுப்புகளுக்குச் சரியான பெயரையே சொல்லுங்கள். நாம் கூச்சப்பட்டால் பிள்ளைகளும் கூச்சப்படுவார்கள். பெயர் எழுதாமல் கேள்வி போட ஒரு பெட்டி வையுங்கள். ஆண், பெண் இருவருக்கும் இரண்டு பாடமும் தெரியணும். விவரம் தெரிந்த பையன், சக மாணவியின் பாவாடையில் கறையைப் பார்த்தால் சிரிக்க மாட்டான். தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுப்பான்.

"கோயிலுக்குப் போகலாமா அக்கா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். வழக்கம் வீட்டுக்கு வீடு மாறும். அதை அம்மா, பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள். ஆனால் 'அழுக்கு' என்ற சொல்லை மட்டும் நாம் சொல்ல வேண்டாம். அசாமில் உள்ள காமாக்யா கோயிலில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் அன்னைக்கே மாதவிடாய் என்று 3 நாள் நடை சாத்தி, பிறகு திருவிழாவாகத் திறக்கிறார்கள். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அன்று அழுத அந்தப் பிள்ளை இப்போது படிவம் 5. போன மாதம் கேள்விப் பெட்டியைத் தயார் செய்ததே அவள்தான். முதல் சீட்டையும் அவளே எழுதிப் போட்டாள்: "இதை ஏன் எனக்கு முன்னாடியே சொல்லல?"

கலந்துரையாடுவோம்:
• உங்களுக்கு இதை முதலில் சொன்னது யார்? எப்படிச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்?
• உங்கள் வகுப்பில் பேட், மாற்றுத் துணி, தண்ணீர் வசதி இருக்கிறதா? இல்லை என்றால், இந்த வாரம் யார் ஏற்பாடு செய்வது?