யாருக்கு இந்தப் புத்தகம்?

எங்கள் ஒன்றியத்தில் ஆசிரியர்கள் 12 பேர் சேர்ந்து வாசிப்புக் குழு ஒன்றை நடத்தி வருகிறோம். மாதம் ஒருமுறை, சனிக்கிழமை மாலையில் கூடுவோம். ஒவ்வொருவரும் தாம் படித்த ஒரு நூலைப் பரிந்துரைக்க வேண்டும். “நல்ல புத்தகம், எல்லாரும் படிங்க” என்று சொல்லிவிட்டு அமர முடியாது. இந்த நூல் யாருக்கு, ஏன் அவருக்கு, படித்தபின் வகுப்பில் என்ன செய்யலாம் ஆகிய மூன்றையும் சொல்லியாக வேண்டும். குழுவின் விதி இது ஒன்றுதான்.

கிஜுபாய் பதேகாவின் ‘பகல் கனவு’ நூலைத் தலைமையாசிரியர் ஒருவர், புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியைக்கென்றே பரிந்துரைத்தார். அதில் வரும் ஆசிரியர் நான்காம் வகுப்பை ஏற்கிறார். முதல் நாள் அவர் திட்டமிட்ட அமைதி விளையாட்டு கூச்சலில் முடிகிறது. பிறகு கதை சொல்லத் தொடங்கியதும் வகுப்பு அவர் பக்கம் திரும்புகிறது. முதல் வாரத்திலேயே சோர்ந்துபோகும் ஆசிரியருக்கு இதைவிட ஆறுதல் ஏது?

‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’ நூல், “அந்தப் பையன் சும்மாவே இருக்க மாட்டான்” என்று அடிக்கடி சொல்லும் நண்பருக்குச் சென்றது. ஒரு பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட சிறுமி பேசுவதை, புதிய பள்ளியின் தலைமையாசிரியர் கொபயாஷி மணிக்கணக்கில் கேட்கிறார். தினமும் ஒரு மாணவர் பேசுவதை ஐந்து நிமிடம் குறுக்கிடாமல் கேட்டுப் பார்க்கலாம் என்பது அதனுடன் வந்த யோசனை. இரா. நடராசனின் ‘ஆயிஷா’ அறிவியல் ஆசிரியருக்கு. யோசனை: வகுப்பில் ஒரு கேள்விப் பெட்டி.

சீர்காழியில் பிறந்து, கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் எஸ்.ஆர். ரங்கநாதன். நூலக அறிவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931இல் நூலாக வெளிவந்தன. வாசகருக்கு உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நூலுக்கு உரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது இன்னொன்று. பள்ளி பீரோவில் அடுக்கியிருக்கும் நூல்களை இந்தக் கண்ணோடு பார்த்தால், ஒவ்வொன்றும் யாருக்காகவோ காத்திருப்பது புரியும்.

எங்கள் குழுவின் விதியை என் ஏழாம் வகுப்புக்குக் கொண்டு சென்றேன். நூலகப் பாடவேளையில் பின்பற்றும் முறை இது:

1. மாணவர் தாம் படித்த நூலுக்கு ஒரு பரிந்துரைச் சீட்டு எழுத வேண்டும். அஞ்சலட்டை அளவு போதும்.
2. சீட்டில் ஒருவரின் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். “எல்லாருக்கும்” என்று எழுதக் கூடாது.
3. அவருக்கு இது ஏன் பிடிக்கும் என்று ஒரு வரி. எந்தப் பக்கத்தைத் தவறவிடக் கூடாது என்று ஒரு வரி.
4. சீட்டை நூலுக்குள் வைத்து, உரியவர் கையில் நேரில் தர வேண்டும்.

“உனக்கு ஆடு வளர்க்கப் பிடிக்கும்ல, அதான்” என்று ஒரு மாணவி தோழியிடம் நூலை நீட்டினாள். தோழியின் வீட்டு ஆடுகள் எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்திருந்தது. மாணவரின் பரிந்துரை ஆசிரியரின் பரிந்துரையை முந்துவது இதனால்தான்.

இதில் கவனிக்க வேண்டியவர்கள், ஏழாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவர்கள். வாசிப்பு இயக்க நூல்களில் ‘நுழை’ நிலை அவர்களுக்குப் பொருந்தும். ஆனால், “சின்னப் பிள்ளைங்க புக்” என்று மற்றவர்கள் சிரிப்பார்களோ என்று தொடவே கூச்சப்படுவார்கள். அப்படி ஒரு மாணவனிடம், “மூன்றாம் வகுப்புத் தம்பி ஒருவனுக்கு நீதான் புத்தகம் தேர்ந்தெடுத்துப் படித்துக் காட்ட வேண்டும்” என்று பொறுப்புக் கொடுத்தேன். தம்பியின் முன் தடுமாறக் கூடாது என்பதற்காக அதே நூலை நான்கு முறை படித்தான். இப்போது அவன் கையில் அந்த மெல்லிய நூல் இருப்பதற்கு ஒரு காரணம் இருந்தது, கூச்சப்பட வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாரம் வேறொரு நூலை அவனே கேட்டு வாங்கினான். சரளமாக வாசிக்க அவனுக்கு இன்னும் பயிற்சி தேவை. ஆனால், பயிற்சியை அவன் இப்போது தவிர்ப்பதில்லை.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு இரண்டு குறிப்புகள். யாருடைய சீட்டிலும் பெயர் வராத மாணவர் இருப்பார். அவருக்கான சீட்டை அந்த வாரமே நாம் எழுதிவிட வேண்டும். சீட்டிலுள்ள எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்த வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். அது ஒரு நண்பருக்கு எழுதிய கடிதம்.