எதற்குக் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்க முடியாது

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரியதாகப் பலகை வைத்திருக்கிறார்கள். மண்வெட்டி பட்ட அடையாளமே இல்லை. எஸ்டிமேட், அளவுப் புத்தகம், பில் நகல்கள் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி மனு அனுப்பினேன். மனு போய்ச் சேர்ந்த 40-ஆம் நாள் பதில் வந்தது: 'எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை நேரில் வந்து தெரிவிக்கவும். மேற்படி கோப்பு கிடைக்கவில்லை.' நான் போகத்தான் வேண்டுமா?

- ஒரு வாசகர், உத்திரமேரூர் ஒன்றியம்

பதில்: போக வேண்டாம் ஐயா. 2005-ஆம் ஆண்டு சட்டத்தின் 6(2) பிரிவுப்படி, மனுதாரர் காரணம் சொல்லத் தேவையில்லை. தொடர்புகொள்ள முகவரி தந்தால் போதும். காரணம் கேட்டு எழுதியதே சட்டத்துக்கு விரோதம்.

பதில் தர அவர்களுக்கு இருந்தது 30 நாள். அது கடந்துவிட்டதால், 7(6) பிரிவின்படி நகல்களை இனி இலவசமாகவே தர வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள்.

'கோப்பு கிடைக்கவில்லை' என்பதுதான் எனக்குக் கோபம் தரும் பதில். தகவல் மறுப்பதற்கான காரணங்களை 8, 9 பிரிவுகள் வரிசையாகச் சொல்கின்றன. கோப்பு காணோம் என்பது அதில் இல்லை. முழுமையாகத் தேட வேண்டும், அப்படியும் அகப்படாவிட்டால் யார் பொறுப்பு என்று விசாரிக்க வேண்டும் என்று 2013-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கோப்பு வேறு அலுவலகத்தில் இருந்தால், 5 நாளுக்குள் உங்கள் மனுவை அங்கே அனுப்பிவிட்டு உங்களுக்கும் தெரிவித்திருக்க வேண்டும்.

உங்கள் ஊர்க்காரர்களுக்குக் கணக்குக் கேட்பது புதிதல்ல. முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி, ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதி இழந்தார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் அது இருக்கிறது.

இப்போது, உங்களுக்குப் பதில் அனுப்பிய அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். கோப்பு கடைசியாக யார் கையில் இருந்தது, தேடியதற்கு என்ன ஆதாரம் என்று கேளுங்கள். மறுத்தது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது, உங்களுடையது அல்ல. நீங்கள் ஆவணங்களாகக் கேட்டது நல்லது, 'ஏன் தூர்வாரவில்லை?' என்று எழுதியிருந்தால், அது தகவல் அல்ல என்று தட்டிக்கழித்திருப்பார்கள்.

மேல்முறையீட்டு அலுவலர் 30 நாளில், மிஞ்சினால் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால், 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை பொதுத் தகவல் அலுவலருக்கே அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

விரைவுத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் முதல் மனு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 60-ஆம் நாளுக்குள் மேல்முறையீடு அங்கே இருந்துவிடுவது பாதுகாப்பானது. 40 நாள் ஏற்கெனவே போய்விட்டது. இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.